கடைசி மாதவிலக்குத் தேதி

கொங்குப் பெண்கள் நோயைச் சொல்லும் சொற்களைத் தொகுத்துத் தர முடியுமா என்று சென்ற ஆண்டு என்னைக் கேட்டார்கள். கேட்டவர்கள் ஒரு பொறியியல் கல்லூரியில் மருத்துவத் தரவுகளில் ஆய்வு செய்கிற இளைஞர்கள். நோயாளி பேசுவதைக் கேட்டு, அதை மருத்துவக் குறியீடாக மாற்றித் தரும் ஒரு கருவியைச் செய்துகொண்டிருந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பகுப்பில் பதினோராவது திருத்தம் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எண், ஒவ்வொரு அறிகுறிக்கும் ஓர் எண். ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத், ஒன்றிய அரசின் பாஷிணி போன்ற முயற்சிகளால் தமிழ்ப் பேச்சை எழுத்தாக்குவது முன்னைவிட எளிதாகிவிட்டது. எழுத்தாகிய பேச்சிலிருந்து நோயைக் கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். "மேடம், ‘கெறக்கம்’னா தலைசுற்றலா, மயக்கமா, பலவீனமா? எந்தக் கோடு போடுறது?" என்று கேட்டான் ஒரு பையன். நல்ல கேள்வி. நான் ஒப்புக்கொண்டேன்.

இந்தக் கட்டுரை அந்த ஒப்புதலிலிருந்து தொடங்குகிறது.

கெறக்கம் என்ற சொல்லை என் அம்மா எத்தனை வகையாகச் சொல்லியிருக்கிறார் என்று எண்ணிப் பார்த்தேன். வெயிலில் வெங்காயம் அறுத்துவிட்டு வந்த கெறக்கம். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் ஒன்றும் மிஞ்சாத நாளின் கெறக்கம். அப்பா பேசாமல் இருந்த ஒரு வாரத்தின் கெறக்கம். மூன்றுக்கும் ரத்தச்சோகை என்று ஒரே எண்ணைப் போட்டாலும் மருத்துவம் பிழையில்லாமல் நடந்துவிடலாம். ஆனால் ரத்தச்சோகை எங்கிருந்து வந்தது என்பது அந்தச் சொல்லுக்குள் இருந்தது, எண்ணுக்குள் இல்லை.

சொற்களைத் தேடுவதற்கு முன், ஏற்கெனவே இருக்கும் படிவத்தை வாசிக்கலாம் என்று நினைத்தேன். இலக்கியம் படித்தவளுக்கு வேறு என்ன தெரியும்? என் பள்ளித் தோழி ஒருத்தி கிராம சுகாதாரச் செவிலியராக இருக்கிறாள். ஊர்ப்பெயர் வேண்டாம். ஒரு மாலையில், பெண்கள் எல்லோரும் போன பிறகு, அவளுடைய துணை சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து, நிரப்பாத தாய் சேய் நல அட்டை ஒன்றையும், கணினியில் ஏற்றுவதற்கு முன் அவள் குறித்துக்கொள்ளும் வெற்றுத் தாளையும் வாசித்தேன். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளின் விவரம் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக பிக்மி என்ற இணையப் பதிவேட்டில் ஏறுகிறது. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் 12 இலக்க ஆர்.சி.எச். எண் ஒன்று கிடைக்கிறது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் வேண்டும். டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கும் அந்த எண் வேண்டும்.

பிக்மியின் விரிவில் ‘கோஹார்ட்’ என்ற ஆங்கிலச் சொல் வருகிறது. ஒரே காலத்தில் ஒரே நிலையிலிருந்து கிளம்பும் மக்கள் கூட்டம் என்று மக்கள்தொகை ஆய்வாளர்கள் பொருள் கொள்வார்கள். அதன் பழைய பொருள் ரோமானியப் படையின் ஒரு பிரிவு. நம் ஊர் முழுகாத பெண்கள் எல்லோரும் வரிசையாக அணிவகுத்து நிற்பதாக ஒரு காட்சி எனக்குத் தோன்றியது. தோழியிடம் சொன்னேன். "அப்படி நின்னாத்தான் நல்லா இருக்குமே புள்ள. ஒருத்தி அம்மா ஊட்டுக்குப் போயிருவா, ஒருத்தி போன் நம்பர மாத்திருவா, நாந்தான் தேடிட்டுத் திரியோணும்" என்றாள்.

படிவம் கேட்கும் முதன்மையான கேள்வி கடைசி மாதவிலக்குத் தேதி. பெயர், வயது, கணவர் பெயர், ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் அடையாளத்துக்கு. கர்ப்பம் என்கிற கதை தொடங்குவது இந்தத் தேதியிலிருந்துதான்.

எந்தப் பெண் தேதியாக நினைவு வைத்திருக்கிறாள்? படித்த என் மாணவிகள் செல்பேசியில் குறித்து வைக்கிறார்கள். தோழியிடம் வருகிறவர்களில் பலர் வேறு மாதிரி சொல்வார்களாம். "மாரியம்மன் நோம்பி சாட்டுனதுக்கு அப்புறம் தலைக்கு ஊத்துனனுங்க." "நாத்தனா ஊட்டு சீருக்குப் போகாம இருந்தமுங்களே, அப்ப தூரமா இருந்தேன்." இவள் காலண்டரைத் திருப்பி, எந்த ஊர் மாரியம்மன், பூச்சாட்டா கம்பம் நட்டதா, சீர் வெள்ளிக்கிழமையா என்று கேட்டுக் கேட்டு ஒரு தேதிக்கு வருவாள். இந்த வேலைக்குப் பல்கலைக்கழகத்தில் பெயர் உண்டு. வாய்மொழி வழக்காற்றிலிருந்து காலத்தை நிறுவுதல் என்போம், அதற்கு முனைவர் பட்டம் தருவோம். செவிலியர் செய்தால் அது டேட்டா என்ட்ரி.

நன்னூல் தகுதி வழக்கை மூன்றாகப் பிரிக்கிறது. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. அவையில் சொல்லக் கூடாததை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். ஒரு தொழிற்கூட்டத்தார் தமக்குள் மட்டும் புரிய வைத்துக்கொள்ளும் சொல் குழூஉக்குறி. தூரம், விலக்கு, தலைக்கு ஊற்றுதல், முழுகாமல் இருத்தல் எல்லாம் இடக்கரடக்கல் என்று நாங்கள் வகுப்பில் சொல்லித் தருகிறோம். தீட்டு என்ற கருத்து அந்தச் சொற்களுக்குள் உட்கார்ந்திருப்பதையும் சொல்வேன். அதனால் பழைய சொற்கள் எல்லாம் பொன், படிவத்தின் சொற்கள் எல்லாம் பித்தளை என்ற ஏக்கம் எனக்கு இல்லை. ‘எல்.எம்.பி.’ என்ற மூன்றெழுத்துக் குழூஉக்குறியில் தீட்டு இல்லை. அந்த அளவில் அது விடுதலைதான். ஆனால் ‘மாரியம்மன் நோம்பிக்கு அப்புறம்’ என்பதில் அவள் எங்கே இருந்தாள், யாரோடு இருந்தாள், எந்த விசேஷத்துக்கு விலக்கப்பட்டாள் என்பதெல்லாம் இருந்தன. மூன்றெழுத்தில் அவள் தன் கருப்பைக்கு மட்டும் உரியவளாக இருக்கிறாள்.

அந்தத் தேதி உள்ளே போனதும் மென்பொருள் பிரசவத் தேதியைக் கணக்கிடுகிறது. இந்தக் கணக்கு மருத்துவ உலகெங்கும் நெய்கலே விதி என்ற பெயரில் வழங்குகிறது. ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரத்து மகப்பேறு மருத்துவர் ஒருவரின் பெயர் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்து ஆள். கடைசி விலக்கின் முதல் நாளோடு ஏழு நாளைக் கூட்டி, மூன்று மாதத்தைக் கழித்து, ஓர் ஆண்டைச் சேர்க்க வேண்டும். ஏறத்தாழ 280 நாள் வரும். சுழற்சி 28 நாள் என்பது இதன் எடுகோள். 35 நாளுக்கு ஒருமுறை விலக்காகிறவளும் 24 நாளுக்கு ஒருமுறை ஆகிறவளும் அந்தக் கட்டத்துக்குள் 28 நாள்காரிகளாக நுழைகிறார்கள். பிறகு ஸ்கேன் பார்த்துத் திருத்தலாம், திருத்துகிறார்கள். ஆனாலும் "நாள் தாண்டிருச்சு" என்று மாமியார் சொல்லும்போது தாண்டியது உண்மையில் யாருடைய நாள் என்று ஒருத்தியும் கேட்பதில்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையை எனக்கே சொல்லிக்கொள்கிறேன். என் தலைமுறையில் பெண்ணியம் பேசவந்த நாங்கள், ஃபூக்கோவைப் படித்த வேகத்தில், பதிவேடு என்றாலே கண்காணிப்பு என்று எழுதிப் பழகிவிட்டோம். கொங்கு மண்ணில் இருந்துகொண்டு அப்படி எழுதக் கொஞ்சம் கூச்சம் வேண்டும். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் அதே மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. யார் கருவுற்றிருக்கிறாள், முதல் குழந்தை பெண்ணா, இரண்டாவது என்ன ஆயிற்று என்று ஓர் அரசு ஊழியர் எழுதி வைத்துக்கொண்டு மறுபடியும் வந்து கேட்டதால் பிழைத்த குழந்தைகள் உண்டு. பிரசவத்தில் இறக்கும் தாய்மார்கள் 2018-20 கணக்கின்படி இந்தியா முழுவதும் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 97 பேர், தமிழ்நாட்டில் 54 பேர். இந்த இடைவெளிக்குப் பல காரணங்கள். ஆபத்தான கர்ப்பத்தை முன்கூட்டியே குறித்து வைக்கும் பழக்கமும் அவற்றில் ஒன்று. வீட்டுப் பெரியவர்களின் கண் ஒருத்தியை அழிக்கப் பார்த்தபோது, நர்ஸம்மாவின் நோட்டு குறுக்கே நின்றிருக்கிறது.

ஆகவே என் புகார் பதிவேடு பார்க்கிறது என்பதில் இல்லை. எப்போது பார்க்கத் தொடங்குகிறது, எப்போது கண்ணை மூடிக்கொள்கிறது என்பதில்தான். மகப்பேறு உதவித்தொகைக்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும். அந்த வரம்புக்கு முன்னும் பின்னும் ஒரு பெண்ணுக்கு உடம்பு இருக்கிறது. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், தமிழ்நாட்டின் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தச்சோகை. கர்ப்பிணிகளில் இது 48.3. கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரையும் ஊசியும் தேடி வருகின்றன. மற்றவளைத் தேடி வருவது குறைவு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி வருவதை வரவேற்கிறேன். என் அத்தைக்கு மாத்திரை அப்படித்தான் கிடைக்கிறது. ஆனால் நடுவில் இருப்பவள்? பதினெட்டு வயதில் நூற்பாலை விடுதியில் இருப்பவள்?

2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை ஒரு செய்தியை வெளியிட்டது. தமிழ்நாட்டின் ஆடைத் தொழிலில் வேலை செய்யும் சுமார் நூறு பெண்களிடம் பேசியிருந்தார்கள். மாதவிலக்கு வலி என்று சொன்னால் மேற்பார்வையாளர்கள் பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரையைக் கொடுத்து வேலையைத் தொடரச் செய்தார்கள் என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். என்ன மாத்திரை என்று தெரியாது, பக்கவிளைவு சொல்லப்படவில்லை, எங்கும் எழுதப்படவும் இல்லை. அதே பெண் இரண்டு ஆண்டுக்குப் பிறகு கல்யாணமாகி முழுகாமல் இருந்தால் அவளுடைய விலக்குத் தேதி ஓர் அரசு சர்வரில் பாதுகாக்கப்படும். விடுதியில் அவள் விழுங்கிய மாத்திரை அவளுடைய எந்த அட்டையிலும் ஏறாது. குழந்தை தங்காவிட்டால் காரணத்தை அவளுடைய ராசியில் தேடுவார்கள்.

மருத்துவத் தகவலியலில் இப்போது நடக்கும் ஆய்வுகள் இந்தக் குறையை அறியாதவை அல்ல. இரண்டைச் சொல்கிறேன். அமெரிக்க மருத்துவமனைகளில் பயன்பாட்டில் இருந்த ஒரு கணிப்பு முறையை 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓபர்மையரும் சக ஆய்வாளர்களும் ஆராய்ந்தார்கள். யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று அந்தக் கணிப்பு சொல்ல வேண்டும். அது நோயை அளக்கவில்லை, மருத்துவச் செலவை அளந்தது. கறுப்பினத்தவருக்கு அதே நோய்க்குக் குறைவாகவே செலவிடப்பட்டு வந்ததால், கணிப்பு அவர்களை ஆரோக்கியமானவர்கள் என்று எடுத்துக்கொண்டது. பிழையைத் திருத்தினால் கூடுதல் கவனிப்பு பெறும் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 ஆக உயரும் என்று காட்டினார்கள். தமிழில் இதற்கு ஆகுபெயர் என்று பெயர். ஒன்றின் பெயர் அதனோடு தொடர்புடைய இன்னொன்றுக்கு ஆகிவருவது. ‘ஊர் சிரித்தது’ என்றால் ஊரில் உள்ளவர்கள் சிரித்தார்கள் என்று நமக்குப் புரிகிறது. மண்ணும் மரமும் சிரித்ததாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. கணினிக்கு ஆகுபெயர் புரிவதில்லை. செலவைச் சொன்னால் அதற்குச் செலவுதான்.

இன்னொன்று நமக்குப் பக்கத்தில், மும்பையில். டாக்டர் அபர்ணா ஹெக்டே தொடங்கிய அர்மான் அமைப்பு, எம்மித்ரா என்ற திட்டத்தின் வழியாகக் கர்ப்பிணிகளுக்கும் தாய்மார்களுக்கும் பதிவுசெய்த குரலில் உடல்நலச் செய்திகளை அனுப்புகிறது. நாளாக நாளாகப் பலர் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். யார் நிறுத்தப் போகிறார்கள் என்று முன்கூட்டிக் கணித்து, அவர்களை மட்டும் பணியாளர்கள் நேரில் அழைத்துப் பேசினால் என்ன என்று கூகுள் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2021இல் சுமார் 23,000 பெண்களிடம் சோதித்தார்கள். கேட்பது குறைவது ஏறக்குறைய 30 விழுக்காடு தடுக்கப்பட்டது. நல்ல பலன். ஆய்வுக் கட்டுரையை வாசித்தபோது இரண்டு இடங்களில் நின்றேன். ஓர் அழைப்பை முப்பது வினாடிக்கு மேல் கேட்டால் அவள் ஈடுபாட்டோடு இருக்கிறாள் என்று கொள்கிறார்கள். இதுவும் ஆகுபெயர். இன்னொன்று, கணிப்புக்குக் கொடுத்த விவரங்களில் வயது, படிப்பு, வருமானத்தோடு ‘போன் யாருடையது’ என்பதும் ஒன்று.

அந்தக் கட்டத்தை வைத்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். திருப்பூரில் கணவனின் சட்டைப் பையில் அடித்து ஓய்கிற போனை எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்கள் அறிவார்கள். ஆனால் கேள்வியை அங்கேயே நிறுத்திவிட முடியாது. போன் அவனுடையது என்பது கணினிக்கு அவளுடைய ஒரு பண்பு, அவள் விலகிப்போகும் வாய்ப்பைக் கூட்டும் ஓர் எண். வீட்டில் அது ஓர் ஏற்பாடு, யாரோ செய்து வைத்த ஏற்பாடு. விலகுகிறவள் என்று அவளுக்குப் பெயர் வைக்கும் அட்டவணையில், போனைக் கொடுக்காதவனுக்குப் பெயர் வைக்கும் கட்டம் இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தச் சோதனையில் பலன் தந்த மருந்து எது? ஒரு மனிதக் குரல் அழைத்துப் பேசியது. யாரிடம் பேசுவது என்று சொல்வதுதான் கணினியின் வேலை. பேச ஆள் வேண்டும். பிக்மியில் தரவேற்றும் பளுவை எதிர்த்து நம் கிராம சுகாதாரச் செவிலியர் சங்கங்கள் போராடியதும் இதைத்தான் சொன்னது. திரையைப் பார்த்துக்கொண்டே எதிரில் இருப்பவளிடம் எப்படிப் பேசுவது?

பேச ஆள் இல்லாதபோது என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் பழைய மாணவி ஒருத்திக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்தது. தனியார் மருத்துவமனை ஒன்றில் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களுடைய செயலியில் அவளுடைய கடைசி மாதவிலக்குத் தேதி இருந்தது, அது கலையவில்லை. வாரா வாரம் செய்தி வந்தது. குழந்தை எலுமிச்சை அளவு, மாதுளை அளவு, தேங்காய் அளவு. நிறுத்தச் சொல்லி இரண்டு முறை பேசினாளாம். சரி மேடம் என்றார்களாம். செயலியை நீக்கிய பிறகும் குறுஞ்செய்தி வந்தது. கணக்குப்படி பிரசவத் தேதி வந்த அன்று காலையில் ஒரு வாழ்த்து வந்தது, தொட்டில் படத்தோடு. அன்றைக்கு அவள் என்னை அழைத்தாள். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "டீச்சர், கெறக்கமா இருக்குதுங்க" என்றாள். அவ்வளவுதான். எந்தக் கோடு போடுவது?

இந்த விவரங்கள் எல்லாம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் தேடினேன். 2019இல் நாடாளுமன்றத்துக்கு வந்த தனிநபர் தரவு மசோதாவில் உடல்நல விவரம் நுண்ணுணர்வுத் தரவு என்ற தனி வகையில் இருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த வகையே இல்லை. விலக்குத் தேதிக்கும் மளிகைக்கடை ரசீதுக்கும் ஒரே தட்டு. அதோடு, உதவித்தொகையோ சான்றிதழோ தருவதற்காக அரசு ஏற்கெனவே வைத்திருக்கும் விவரங்களைப் பயன்படுத்த மறுபடியும் ஒப்புதல் கேட்கத் தேவையில்லாதபடி ஏழாம் பிரிவு வழிவிடுகிறது. கருக்கலைப்புச் சட்டத்துக்கு 2021இல் வந்த திருத்தம் இதைவிட மேல். பெண்ணின் பெயரை வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் திருமணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை அந்த உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தபோது, சிறுமியும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால் போக்சோ தகவலில் அவள் அடையாளத்தை மருத்துவர் சொல்ல வேண்டியதில்லை என்றும் சொன்னது. பெயரை மறைப்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதி என்று அந்த நீதிபதிகளுக்குப் புரிந்திருந்தது. பெயரோடு ஆதாரையும் வங்கியையும் போனையும் முடிச்சுப் போடுவதுதான் முன்னேற்றம் என்று நினைக்கும் தரவுத் துறைக்கு அது இன்னும் எட்டவில்லை.

இனி என் ஒப்புதலுக்கு வருகிறேன். சொற்களைத் தொகுக்கத் தோழியை விட்டால் எனக்கு யார்? அவளிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. அரசு கொடுத்தது இல்லை, பொள்ளாச்சிக் கடையில் அவளே வாங்கியது. கணினியில் கட்டம் இல்லாத விஷயங்களை அதில் எழுதுகிறாள். அன்று மாலை தூரத்தில் இருந்தே சில வரிகளைக் காட்டினாள், பெயர்களின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு. ‘ராத்திரி தூக்கம் இல்லை, மாமனார் குடி.’ ‘இரும்பு மாத்திரை எருக்குழியில் கிடந்தது, கேட்டால் குழந்தை கறுத்துடும்னு மாமியார் சொன்னாங்களாம்.’ ‘கைகால் கொடச்சல், வெள்ளை படுது, மில்லில் இருந்தே இருக்குதாம்.’ ‘போன் பண்ணக் கூடாது, நேரில்தான் போகணும்.’ இருபது ஆண்டுகளாகக் கொங்குப் பெண்ணுடல் பற்றி எழுதுகிறேன். இப்படி ஒரு பிரதியை நான் வாசித்ததில்லை.

பக்கங்களைப் படம் எடுத்துக்கொள்ளட்டுமா, பெயர்களை நீக்கிவிடுவேன், சொற்கள் மட்டும் போதும், ஆய்வுக்குத்தான் என்றேன். கல்லூரிக்காரர்கள் என்னிடம் சொன்ன அதே வாக்கியங்கள்.

அவள் நோட்டை மூடினாள். "பேர எடுத்துட்டா மட்டும்? மாமனார் குடிங்கறது இந்த ஊருல யாருன்னு தெரியாதா? அவ எங்கிட்டச் சொன்னா புள்ள. உங்கிட்டச் சொல்லல."

வெளியே கடைசி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. டேப்லெட்டைச் சார்ஜில் போட்டாள். நோட்டை எடுத்து அவளுடைய சாப்பாட்டுப் பைக்குள், தூக்குப்போசிக்கு அடியில் வைத்துக்கொண்டு, கதவைப் பூட்டச் சாவியைத் தேடினாள். கல்லூரிக்கு நான் எழுத வேண்டிய மின்னஞ்சலை அடுத்த வாரம்தான் எழுதினேன்.